ரக்பி ஆடி ஒரு பெண் பிழைக்க முடியுமா? எமிலி ஸ்காரட்டின் 17 ஆண்டுகளும் ராமநாதபுரம் கடற்கரையின் கேள்விகளும்

2025 செப்டம்பர் 27 அன்று லண்டனின் ட்விக்கன்ஹாம் அரங்கில் 81,885 பேர் பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். இங்கிலாந்து 33, கனடா 13. அதற்கு மூன்று மாதம் முன்னால், மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பருவத்தில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது. இரண்டின் வீடியோக்களும் கைப்பேசி வழியாகப் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி வரை வந்துவிட்டன. கபடியிலும் ஓட்டத்திலும் பிள்ளைகள் ஜெயிக்கும் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி ஓடுகிறது: நம்ம பிள்ளையும் இதில் போகலாமா? போனால் வேலை கிடைக்குமா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

இதற்குப் பதில் தேட, இந்த ஆட்டத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதை முழுசாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் எமிலி ஸ்காரட் அதற்குச் சரியான ஆள். 2008-இல் நாட்டுக்காக ஆடத் தொடங்கி, 2025 உலகக் கோப்பை முடிந்ததும் ஓய்வு பெற்றார். சம்பளமே இல்லாத காலம், அரைகுறைச் சம்பளக் காலம், முழுநேரச் சம்பளக் காலம் என்று மூன்றையும் கண்டவர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: 15 பேர் ஆட்டம், 7 பேர் ஆட்டம்

ட்விக்கன்ஹாமில் நடந்ததும் மும்பையில் நடந்ததும் ஒரே ஆட்டம் இல்லை. இரண்டுமே ரக்பி யூனியன் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவைதான். இரண்டிலும் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, அதற்கு 5 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3.

வேறுபாடு ஆட்களின் எண்ணிக்கையிலும் நேரத்திலும் இருக்கிறது. உலகக் கோப்பை ஆட்டம் அணிக்கு 15 பேருடன் 80 நிமிடம் நடக்கும். மும்பையில் நடந்தது செவன்ஸ் என்கிற ஆட்டம். அதில் அணிக்கு 7 பேர், வழக்கமாக மொத்தம் 14 நிமிடம்தான். ஆனால் மைதானம் இரண்டுக்கும் ஒன்றே: 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதனால் செவன்ஸில் ஓட்டம் முக்கியம். 15 பேர் ஆட்டத்தில் எல்லா உடல்வாகுக்கும் இடமுண்டு. முன்வரிசை எட்டுப் பேரில் கனமானவர்களும் உயரமானவர்களும் இருப்பார்கள், பின்வரிசை ஏழு பேரில் வேகமானவர்களும் உதைக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். "குண்டா இருக்கா, விளையாட்டுக்கு ஆகமாட்டா" என்று பள்ளியில் ஒதுக்கப்படும் பிள்ளைக்கு, இரு அணியின் எட்டுப் பேரும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் மரியாதையான இடம் காத்திருக்கிறது. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒலிம்பிக்கில் இருப்பது செவன்ஸ் மட்டும், அதுவும் 2016 ரியோவிலிருந்து. பணமும் அரசு கவனமும் ஒலிம்பிக்கின் பின்னால் போவதால், உலகம் முழுக்கப் பல பெண்களுக்கு முதல் சம்பளம் செவன்ஸ் வழியாகத்தான் வந்தது. இந்த ஒரு காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஸ்காரட்டின் கதையில் வரும் திருப்பங்கள் புரியும்.

ஸ்காரட்: பயணம் எங்கெல்லாம் திரும்பியது

1990-இல் பிறந்த இவர், லெஸ்டர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தார். கூடைப்பந்திலும் கெட்டிக்காரி. 16 வயதில் அமெரிக்காவில் கூடைப்பந்து உதவித்தொகைக்கு அழைப்பு வந்தும் ரக்பியைத் தேர்ந்தெடுத்தார். 18 வயதில் தேசிய அணி. நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்தையும் ஒரு கேப் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் இவர் முடித்தது 119 கேப், 754 புள்ளிகள். இங்கிலாந்துப் பெண்களில் இத்தனை புள்ளிகள் எடுத்தவர் வேறு யாரும் இல்லை. நடுக்கள வீராங்கனையாக ட்ரை அடித்ததோடு, கம்பத்துக்கு உதைக்கும் பொறுப்பும் அவர் காலில்தான் இருந்தது.

2010 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து நியூசிலாந்திடம் 10-13 என்று தோற்றது. 2014-இல் பாரிஸில் கனடாவை 21-9 என்று வென்றது. அந்த 21-இல் 16 புள்ளிகள் ஸ்காரட்டுடையவை. அப்போது அந்த அணியில் யாருக்கும் ரக்பி பிழைப்பாக இல்லை. ஆசிரியை, போலீஸ், பிளம்பர் என்று ஆளுக்கொரு வேலை. ஸ்காரட்டும் ஒரு பள்ளியில் உடற்கல்விப் பிரிவில் வேலை பார்த்தபடிதான் உலகக் கோப்பையைத் தூக்கினார்.

அந்த வெற்றிக்குப் பிறகு 20 பேருக்கு ஒப்பந்தம் வந்தது. ஆனால் அது செவன்ஸுக்கான ஒப்பந்தம், ரியோ ஒலிம்பிக்கைக் குறிவைத்தது. 15 பேர் ஆட்டத்தில் உலக சாம்பியனான ஒருவர், சம்பளம் வேண்டுமானால் 7 பேர் ஆட்டத்துக்கு மாற வேண்டும் என்ற நிலை. அவர் மாறினார். ரியோவில் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கினார். வெண்கல ஆட்டத்தில் கனடாவிடம் தோற்று நான்காம் இடம்.

அப்புறம் 15 பேர் ஆட்டத்துக்குத் திரும்பி, 2017 உலகக் கோப்பை இறுதியில் மறுபடி நியூசிலாந்திடம் 32-41 என்று தோல்வி. இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம் தோல்வி இல்லை. அந்த உலகக் கோப்பைக்காகக் கொடுத்த 15 பேர் ஆட்ட ஒப்பந்தங்கள் போட்டியோடு முடிந்துவிடும், இனி கவனம் செவன்ஸில்தான் என்று இங்கிலாந்து ரக்பி வாரியம் முன்பே சொல்லியிருந்தது. உலகின் இரண்டாவது சிறந்த அணி, ஆடி முடித்த கையோடு சம்பளத்தை இழந்தது. ஸ்காரட் மறுபடி செவன்ஸுக்குப் போய் 2018 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

2019 ஜனவரியில்தான் நிலைமை மாறியது. இங்கிலாந்து வாரியம் 15 பேர் ஆட்டத்துக்கென்று 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. அதே ஆண்டு ஸ்காரட் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேலை முடிந்து இரவில் பயிற்சி செய்தவருக்கு, காலையில் பயிற்சி, மதியம் ஓய்வு, கூடவே மருத்துவர் என்று கிடைத்தால் ஆட்டம் உயரத்தான் செய்யும்.

ஆக, 18 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கியவருக்கு, தான் விரும்பிய ஆட்டத்துக்கான நிலையான சம்பளம் கைக்கு வரும்போது வயது 28, 29. நடுவில் 11 ஆண்டுகள். திறமை முதல் நாளிலிருந்தே இருந்தது, பணம்தான் தாமதமாக வந்தது. பெண்கள் ரக்பியில் "தொழில் வாழ்க்கை" என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்த இடைவெளியைத்தான் கேட்க வேண்டும்: அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்ணுக்குச் சோறு போடுவது யார்?

உடம்பு கொடுக்கும் விலை

முழுச் சம்பளம் வந்த பிறகு காயங்கள் வந்தன. 2021-இல் ஸ்காரட்டுக்குக் கால் முறிந்தது. 2023-இல் கழுத்து வட்டு பிதுங்கி அறுவைச் சிகிச்சை. இனி ஆட முடியுமா என்ற சந்தேகம் வந்து, 2024-இல்தான் திரும்பினார். ஒப்பந்தமும் மருத்துவக் குழுவும் பின்னால் இருந்ததால் திரும்ப முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய காயங்கள் இரண்டு.

1. முழங்கால் தசைநார் கிழிவு. மூட்டின் நடுவே இருக்கும் தசைநார், ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் கிழியும். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை, பிறகு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஓய்வும் பயிற்சியும். கனடாவின் சோஃபி டி கூட் 2024-இல் இந்தக் காயத்தால் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்து, திரும்பி வந்து 2025-இன் உலகின் சிறந்த வீராங்கனை ஆனார். குதித்து இறங்கும் முறையையும் தொடைப் பின்தசையின் பலத்தையும் சிறு வயதிலேயே பழக்கினால் இந்த ஆபத்து குறையும். அதற்குச் செலவு கிடையாது. பயிற்சி தொடங்கும் முன் தினமும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

2. தலையில் அடி. தோளுக்கு மேல் பிடித்துச் சாய்ப்பது விதிப்படி தவறு, சிவப்பு அட்டை வரை போகும். 2025 உலகக் கோப்பையில் வீராங்கனைகளின் பல் காப்பில் உணரி (சென்சார்) வைத்திருந்தார்கள். பலத்த அதிர்வு பட்டால் விளக்கு சிவப்பாக மின்னும், நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். நம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு அது வரப்போவதில்லை. ஆனால் அடிப்படை விதி இலவசம்: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்று அவள் திரும்ப ஆடக் கூடாது, பள்ளி, கிளப் மட்டத்தில் குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்கக் கூடாது. "ஒண்ணும் இல்ல சார், ஆடுறேன்" என்று பிள்ளை சொன்னாலும் கேட்கக் கூடாது.

பல வீடுகளில் வெளியே கேட்கத் தயங்கும் விஷயங்களும் உண்டு, அவற்றுக்கும் பதில் இருக்கிறது. தலையை மூடும் மென்மையான துணி அணிந்து ஆட விதி இடம் தருகிறது, அரைக்கால் சட்டைக்கு அடியில் முழுக்கால் இறுக்க உடையும் அணியலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பிள்ளைகளுக்கு உடை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் கால்சட்டை சங்கடமாக இருக்கிறது என்று வீராங்கனைகள் சொன்னதும், அயர்லாந்துப் பெண்கள் அணி 2023-இல் கருநீலத்துக்கு மாறியது. இங்கிலாந்து வாரியம் அதே ஆண்டு மகப்பேறு விதியைக் கொண்டுவந்தது: ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு 26 வாரம் முழுச் சம்பள விடுப்பு. அதை முதலில் பயன்படுத்திய அபி வார்ட் குழந்தை பெற்றுத் திரும்பி, 2025 இறுதி ஆட்டத்தில் களம் இறங்கினார்.

இந்தியாவில் கதவு எங்கே திறக்கிறது

இந்தியப் பெண்களின் 15 பேர் அணி சர்வதேசக் களத்துக்கு வந்ததே 2018-இல்தான். மறு ஆண்டு மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது அதன் முதல் சர்வதேச வெற்றி. கடைசி நேரத்தில் வெற்றி உதையை அடித்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். அதே ஆண்டு பீகாரின் சுவீட்டி குமாரி, பெண்கள் ரக்பிக்கான ஒரு சர்வதேச இணையதளத்தின் சிறந்த இளம் வீராங்கனை விருதைப் பெற்றார். அவர் ஓட்டப்பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர். ஒடிசாவும் பீகாரும் முன்னால் நிற்கத் தற்செயல் காரணமில்லை. ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான பெரிய உண்டு உறைவிடப் பள்ளி ரக்பியைத் தூக்கிப் பிடித்தது. பீகாரில் பதக்கம் கொண்டு வந்தால் அரசு வேலை என்று திட்டமே இருக்கிறது. இருப்பிடம், சாப்பாடு, வேலை. இந்த மூன்றும் உறுதியான இடத்தில் வீராங்கனைகள் வந்தார்கள்.

நம் பக்கம் பார்த்தால் வழி பெரும்பாலும் செவன்ஸ்தான். தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இருப்பது அதுவே. சென்னை புல்ஸ் ஜெயித்த லீக்கின் முதல் பருவம் ஆண்களுக்கு மட்டும் நடந்தது, எனவே அதைக் காட்டி "நம்ம பொண்ணும் ஏலத்துல போவா" என்று யாரும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். நிஜமான பலன் வேலை ஒதுக்கீட்டில் இருக்கிறது. மத்திய அரசு 2020-இல் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான பட்டியலை 43-லிருந்து 63 விளையாட்டுகளாக நீட்டியபோது ரக்பியும் உள்ளே வந்தது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். கோப்பையைவிட அந்தச் சான்றிதழ்தான் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடற்கரையில் இருப்பதும் இல்லாததும்

கபடி ஆடிய பிள்ளைக்குப் பாதி ரக்பி ஏற்கெனவே தெரியும். உடம்பைத் தாழ்த்தி நிற்பது, எதிராளியின் இடுப்பைப் பார்த்து நகர்வது, பிடிக்கப் பயப்படாதது எல்லாம் அவளிடம் இருக்கிறது. மாற்ற வேண்டியவையும் உண்டு. கபடியில் கணுக்காலைப் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள், மூச்சு முடியும் வரை விடமாட்டார்கள். ரக்பியில் தோளை எதிராளியின் இடுப்பில் பதித்து, இரு கையாலும் சுற்றிச் சாய்த்து, கீழே விழுந்ததும் உடனே விட்டுவிட வேண்டும். தலை எதிராளியின் பின்பக்கம் இருக்க வேண்டும், முன்பக்கம் போனால் முழங்கால் முகத்தில் படும். இந்தப் பழக்கம் மாற மாதங்கள் பிடிக்கும். கபடியில் நன்றாகப் பிடிக்கிறாள் என்று அடுத்த வாரமே போட்டியில் இறக்குவது தப்பு.

கடற்கரை மணல் நமக்கு ஒரு வரம். விழப் பழக அதைவிட நல்ல தரை இல்லை. ஓடினால் கால் பலம் கூடும். ஆனால் மணலிலேயே பழகியவர் கெட்டித் தரையில் திரும்பும் வேகத்துக்குத் தடுமாறுவார். பள்ளி மைதானங்களோ கோடையில் சிமெண்டுபோல இறுகிக் கிடக்கின்றன, ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள். அதில் சாய்த்து விழப் பழக்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தரை இளகும் மாதங்களில் பிடி பயிற்சி, கோடையில் கையால் தொட்டால் போதும் என்ற வகை ஆட்டம் என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால் காயம் குறையும். உடம்பை வளர்க்க விலை கூடிய புரத மாவு டப்பாக்கள் தேவையில்லை. சூடை மீனும் சாளை மீனும் முட்டையும் பயறும் போதும்.

பணத்தில் ஒரு சிக்கல், வெளியூர்ப் பயிற்சியாளர்களுக்குத் தெரியாதது. கோடை முகாம்கள் மே மாதத்தில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றிருக்கும். சரியாக அந்த நேரத்தில் முகாம் கட்டணம், ஷூ, சென்னைக்கு ஓர் இரவு ரயில் பயணம் என்று செலவு வந்து நிற்கும். அணித் தேர்வுக்கு வராத பிள்ளையின் பெயரை "ஆர்வம் இல்லை" என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். தேர்வு முகாம்களில் ஒன்றையாவது ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தடைக்காலம் முடிந்து நடத்தினால் வரும் முகங்களே வேறாக இருக்கும். இதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. பயிற்சி தருபவர் உலக ரக்பி அமைப்பின் முதல்நிலைப் பயிற்சியாளர் படிப்பை முடித்தவரா? விழவும் பிடிக்கவும் கற்றுத் தராமல் ஆட்டத்தில் இறக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

2. முகாமுக்கும் போட்டிக்கும் விபத்துக் காப்பீடு உண்டா? முழங்கால் அறுவைச் சிகிச்சை என்று வந்தால் எந்த மருத்துவமனை, யார் பணம் கட்டுவது? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

3. பெண் பயிற்சியாளரோ பெண் மேலாளரோ பயணத்தில் கூட வருவாரா? தங்கும் இடம் எது?

4. படிப்பு நிற்காமல் போகுமா? முதல் ஒப்பந்தம் வரும்வரை ஸ்காரட்டைப் படிப்பும் வேலையும்தான் தாங்கின. பத்தாம் வகுப்பையோ கல்லூரியையோ விடச் சொல்லும் முகாமுக்கு மறுப்புச் சொல்லத் தயங்க வேண்டாம்.

5. ஆடி முடித்த பிறகு என்ன? இதை முதலிலேயே கேட்கலாம். ஸ்காரட் ஓய்வு பெற்றதும் பயிற்சியாளர் பணிக்குப் போனார். அந்தப் பாதை இங்கேயும் திறந்துதான் இருக்கிறது, அதற்கு 119 கேப் தேவையில்லை. உலக ரக்பி அமைப்பின் பாதுகாப்பு குறித்த ஆரம்பப் பாடங்கள் இணையத்தில் இலவசம். மாநில அளவில் ஆடி, உடற்கல்விப் படிப்பு முடித்து, மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேரும் ஒரு பெண், ஒரே நேரத்தில் 40 பிள்ளைகளுக்குச் சரியாக விழக் கற்றுத் தரலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 12 அணிகளில் இந்தியா இருக்குமா என்பதைவிட, அப்படி ஒரு டீச்சர் இந்தக் கடற்கரைக்கு எப்போது கிடைப்பார் என்பதுதான் எனக்கு அவசரமான கேள்வி.